ஜாஸ் பாட்டில் இரண்டு நிமிடம்

தொண்ணூறுகளில் ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தேன். வேண்டிய பாட்டுகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு போக இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதில் ஏழாவது பாட்டைத் தொடங்கிப் பாதியில் அறுத்துவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. அறுந்த பாட்டைக் கேட்டால் அன்று முழுக்க எரிச்சலாக இருக்கும்.

அதனால் மிச்ச இடத்தில் என் சொந்தக் கேசட் ஒன்றிலிருந்து கொஞ்சம் பதிவேன். அதுவும் அறுந்ததுதான். ஆனால் அது பாதியா முழுசா என்று ஆரணியில் யாருக்கும் தெரியாது.

சென்னை நடைபாதையில் வாங்கிய கேசட் அது. மேல் காகிதம் உரிந்துபோனதால் பாடியவர் பேர் தெரியாது. ஒரு பெண், ஒரு டிரம்பெட். தாளத்துக்குச் சற்றுத் தாமதமாகவே வருவாள். பஸ்ஸை விட்டுவிட்டாள் என்று நினைக்கும்போது ஏறிவிடுவாள். போளூரிலிருந்து வரும் ஆங்கில வாத்தியார்தான் அது ஜாஸ் என்றார். ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பாடுவார்களாம். நம் மெல்லிசைக் கச்சேரியில் அப்படிப் பாடினால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்கு அவள் குரல்மேல் பைத்தியம். வீட்டில் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் வந்து கேட்டார்.

"கடசில யாரோ அழுவுறாங்களே, இன்னாங்க அது?"

"கேசட்டு தீந்துபோச்சுன்னு அர்த்தங்க" என்றேன். திருப்தியாகப் போய்விட்டார்.

ஒரு நாள் கடையின் டேப் டெக் அந்தக் கேசட்டை மென்று துப்பியது. கசங்கிய டேப்பை வெட்டி ஒட்டியதில், எனக்கு மிகவும் பிடித்த பாட்டின் நடுவில் இரண்டு நிமிடம் போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: அந்த இரண்டு நிமிடம் யார் வீட்டுக் கேசட்டின் கடைசியிலாவது இருக்கும்.

டேப்ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெரும்பாலானோர் ஆறாவது பாட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள். சிலர் அந்த இடத்தில் குழந்தையின் மழலையைப் பதிந்து வைத்திருந்தார்கள். விசைத்தறிக்காரர்கள் அந்தச் சத்தத்தில் எந்தப் பாட்டையுமே கேட்டிருக்கவில்லை.

கடைசியில் ஒரு குழித்தறி வீடு. நெய்யும் அம்மாளுக்குக் கால் இரண்டும் குழிக்குள், கை இரண்டும் தறியில். டேப்பை நிறுத்த எழுந்திருக்க முடியாது. ஆகவே என் கேசட்டைத் தினமும் கடைசிவரை கேட்டவர் ஊரில் அவர் ஒருவர்தான். ஆனால் கேசட்டைப் பெரணமல்லூரில் இருக்கும் தங்கை வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டாளாம். எனக்குச் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"மூக்கடச்சிகினு ஒரு அம்மா பாடுமே, அதுவா? அது எனக்கே வருங்க" என்றார்.

"கொஞ்சம் பாடுறீங்களா? பதிஞ்சிக்கிறேன்."

"தறிய நிறுத்த முடியாதுங்க. இன்னிக்கி புடவ முடிக்கணும். ஓட்டிகினே பாடுறேன்."

பாடினார். இங்கிலீஷ் ஒரு சொல்கூட இல்லை. டிரம்பெட்டையும் அவரே பார்த்துக்கொண்டார். ஆனால் வர வேண்டிய இடங்களில் எல்லாம் சரியாகத் தாமதமாக வந்தார். தறி தடக் தடக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கொண்டுவந்து வெட்டிய இடத்தில் சேர்த்தேன். கடையில் ஆளில்லாத நேரங்களில் பல வருடம் அதைத்தான் போட்டுக் கேட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேசட் கடை சிடி கடையானது. வாத்தியார் ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார். அதே பாட்டு, முழுசாக. உள்ளே காகிதத்தில் அவள் கதை நாலே வரியில் இருந்தது: இரண்டு ரெக்கார்டு, அதற்குமேல் பாடவில்லை. நான் அவளைப் பெரிய ஆளாக்கி வைத்திருந்தேன். துக்கமாக இருந்தது.

போட்டுக் கேட்டேன். அந்த இரண்டு நிமிடம் வந்தது. ஒரு கீறல் இல்லாமல் பாடினாள். வீடு வீடாக அலைந்து தேடியது கைக்கு வந்துவிட்டது, மனம் மட்டும் ஒட்டவில்லை. எது குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

சிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழித்தறி வீட்டுக்கே போனேன். அந்த அம்மாள் அன்று எனக்காகத் தறியை நிறுத்தினார். கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தாங்க பாடுது" என்றார். "ஆனா தறி சத்தத்தையே காணோமே."