படித்துக் காட்டியவள்

என் தங்கை சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறாள். நான் பத்தாவதோடு நின்றவள். தையல் என் தொழில். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் கீழே போடாத அவள் பேராசிரியை ஆனதில் வீட்டில் எனக்குத்தான் பெருமை அதிகம்.

அவள் ஆராய்ச்சி ஒரே கேள்விதான்: கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு எதில் போடுகிறோம் என்று தெரியுமா? அதற்காக ஒரு சலவை ஆலைக்குப் போனாள். வேலையில் அடிபட்டால் நீதிமன்றம் போக மாட்டோம் என்று அங்கே எல்லோரும் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். புரிந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். கட்டுரை வெளிவந்ததும் பெரிய இடங்களில் பேசக் கூப்பிட்டார்கள்.

மறு வருடம் அங்கே, அவள் படித்துக் காட்டியவர்களில் ஒரு பெண்ணின் வலது கை இஸ்திரி இயந்திரத்தில் சிக்கிப் பொசுங்கிப் போனது. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டாள். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்றே தெரியாது என்பதுதான் அவள் வாதம். ஆலையின் வக்கீல் கட்டுரையைக் காட்டி என் தங்கையைச் சாட்சிக்கு அழைத்தார்.

சாட்சி சொல்வதற்கு முதல் நாள் சாயங்காலம், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்தம்மா உங்கிட்ட என்னதான் சொல்லிச்சு?"

"புரியுதுன்னாங்க."

"ஞாபகமில்லைன்னு சொல்லிடேன். உன் மண்டையைத் திறந்தா பாக்கப் போறாங்க?"

"நல்லா ஞாபகம் இருக்கேக்கா."

"ஆமாடி, உண்மையை மொத்தமா குத்தகைக்கு எடுத்தவ நீ."

"பொய் சொல்லிட்டு வகுப்புல போய் எப்படிக்கா நிக்கறது?"

அடுத்த காஜாவுக்கு ஊசியில் நூல் கோத்தேன்.

கூண்டில் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். விவரம் தெரிந்த பிறகும் வேலையில் தொடர்ந்ததால் அந்தப் பெண் சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே அந்தப் பெண்ணே எங்களிடம் வந்தாள். கையைத் துணியால் மூடியிருந்தாள்.

"உங்க மேல கோவமில்ல மேடம். சாப்பிட இருக்கறதே அரை மணி நேரம். புரியலைன்னா மறுபடி மொதல்லேருந்து படிப்பீங்க. அதான் புரியுதுன்னுட்டேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் சொன்னோம்."

அந்த வாரமே, "என் கட்டுரையை நம்ப வேண்டாம், நீக்கிவிடுங்கள்" என்று தங்கை அதை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினாள். நீக்கினார்கள். அந்தப் பெண்ணின் மேல்முறையீட்டில், கட்டுரை நீக்கப்பட்டதைக் காட்டியும் தீர்ப்பு மாறவில்லை. கூண்டில் சொன்னது சொன்னதுதானாம். இப்போது தங்கை வகுப்புக்கு மட்டும் போய் வருகிறாள். கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.