மெல்லாமல் விழுங்கிய நாட்கள்

போன சனிக்கிழமை மகள் ஃபோனில் ஏதோ ஆர்டர் பண்ணினாள். வாசலில் வைத்துவிட்டுப் போன பையைப் பிரித்ததும் ஹாலெல்லாம் வாசனை. ஜொலோஃப் என்று மேற்கு ஆப்பிரிக்கர்கள் செய்யும் சிவந்த சோறு, கூடவே சின்ன டப்பாவில் எகூசிக் குழம்பு. "டாட், இட்ஸ் பேசிக்கலி தக்காளி சாதம்," என்றாள். நான் சோற்றை விட்டுவிட்டுக் குழம்பு டப்பாவை முகர்ந்துகொண்டிருந்தேன். பதினாறு வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது நாங்கள் கேட்டி என்கிற இந்த அமெரிக்க ஊருக்குப் புதிது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூன்றாவது மாதம். முதல் கரு தங்காமல் போனதால், இந்த முறை வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூட இருவருக்கும் பயம். அவளுக்கோ தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ரசம், தயிர் சோறு, சர்ச் ஆன்ட்டிகள் கொடுத்தனுப்பிய இடியாப்பம், எதுவும் நிற்கவில்லை. எடை இன்னும் குறைந்தால் அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் சமையலைப் பற்றிக் கேட்காதீர்கள். தோசை சுட்டால் ஸ்மோக் அலாரம் அடிக்கும் ரகம்.

அவள் எதிரில் சாப்பிட முடியாது என்று மத்தியானம் ஆபீஸ் பக்கத்திலேயே முடித்துக்கொள்வேன். அப்படிக் கிடைத்ததுதான் அந்த நைஜீரியக் கடை. டயர் கடைக்குப் பக்கத்தில், ஒரு கவுன்ட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பார்சல் வாங்கிப்போகிறவர்கள்தான் அதிகம். கவுன்ட்டரில் நின்ற அம்மாவை வாய்ப்பழக்கத்தில் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த ஊரில் அதற்கு முறைப்பவர்கள் உண்டு. அவர் முறைக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற நைஜீரியக்காரரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார். அவர்கள் ஊரிலும் அதுதான் வழக்கமாம்.

எகூசி என்பது பூசணி விதை மாதிரி ஒன்றை அரைத்து, கீரையும் காய்ந்த மீனும் போட்டுக் கொதிக்கவைப்பது. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, சட்டைல கருவாட்டு வாசம்?"

"ஸாரி, இப்பவே குளிச்சிடறேன்."

"குளிக்காதீங்க. அது எங்க கெடைக்கும்?"

தூத்துக்குடிக்காரி. பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் புகார் பண்ணியதிலிருந்து எங்கள் வீட்டில் கருவாட்டைத் தொட்டதே இல்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்.

மறுநாள் மத்தியானம் கூட்டிப்போனேன். குழம்போடு, இடித்த யாம் கிழங்கை உருண்டையாகத் தந்தார்கள். ஸ்டெல்லா அதன்மேல் குழம்பை ஊற்றி, சோறு போலப் பிசைந்தாள். பிசையப் பிசையப் பசையாகி விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் மென்றதுமே குமட்டியது. சேலம் பக்கத்து ஆட்கள் என்றால் களியை விழுங்கிப் பழகியிருப்பார்கள். எங்களுக்குப் பிசையத்தான் தெரியும்.

ஆன்ட்டி கவுன்ட்டரைத் தாண்டி வந்து தட்டைப் பார்த்தார். "வாட் டிட் யூ டூ டு மை யாம்?" என்றார், கோபமில்லாமல். புது உருண்டை கொண்டுவந்தார். நெல்லிக்காய் அளவு கிள்ளி, கட்டைவிரலால் குழித்து, குழம்பில் தோய்த்துக் காட்டினார். "டோன்ட் ச்யூ. ஜஸ்ட் ஸ்வாலோ."

விழுங்கினாள். இன்னொன்று. மெல்லாததால் குமட்ட நேரமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. பாதி உருண்டை உள்ளே போயிற்று. காரில் ஏறி அரை மணி நேரம் பார்க்கிங்கிலேயே காத்திருந்தோம். சாப்பிட்டது வெளியே வரவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள், "ஏசியப் போடுங்க," என்றாள்.

ஐந்தாம் மாதம் வரை அதுதான் சாப்பாடு. டிரிப்ஸ் தேவைப்படவில்லை. பார்சலை நீட்டும்போதெல்லாம், குழந்தையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பார் ஆன்ட்டி. அப்புறம் வாந்தி நின்றது. மாமியார் வந்தார். மகள் பிறந்தாள். தடுப்பூசி, ஞானஸ்நானம், தூக்கமில்லாத வாரங்கள். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்றே ஏழு மாதம் ஓடிவிட்டது. சோம்பேறித்தனம்தான், மழுப்ப மாட்டேன்.

போனபோது போர்டு இல்லை. கண்ணாடிக்கு உள்ளே வெறும் தரை. எங்கே போனார்கள் என்று டயர் கடைக்காரருக்கும் தெரியவில்லை. பெயர் சொல்லித் தேடலாம் என்றால், அவர் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை.

நான் காரைக் கிளப்பப் போனேன். ஸ்டெல்லா இறங்கி, பின் சீட்டில் தூங்கிய குழந்தையின் பெல்ட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டாள். காலிக் கடையின் முன்னால் போய், குழந்தையின் முகத்தை உள்ளே பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொண்டுவந்தோம்னு இருக்கட்டும்ங்க," என்றாள்.