திரையில் வந்தது ‘அசல்’

அது அசல். போலி என்று நான் சொன்னது பொய்!

உங்களிடம்தான் முதன்முதலாக இதைச் சொல்கிறேன். என் தங்கை சுமதிக்கு இன்றுவரை தெரியாது.

எஸ்டேட் தோட்டத்து வீட்டை விட்டு நகரத்தை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்து, அம்மாவும் போய்விட்ட பின் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். பிறகு அவளுக்கு அருள் கிடைத்தான். கடலோர ஊரான லூமுட்டில் படகு இயந்திரம் பழுது பார்ப்பவன். கல்யாணத்துக்காக இருவரும் சேமித்ததைக் கிரிப்டோ நாணயங்களில் போட்டிருந்தார்கள். அவற்றைத் திறக்கும் டிஜிட்டல் சாவியைப் பத்திரமாக வைக்க, விரல் நீளத்தில் ஒரு ஹார்ட்வேர் வாலட் வாங்கிவந்தான் அருள். நாணயங்கள் அதுவரை அவன் கணக்கில்தான் இருந்தன.

பெட்டியின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தது.

“ஆசையில நான்தான் பிரிச்சுப் பாத்துட்டேன்கா,” என்று சிரித்தான். “போலியும் விக்கிறானுங்களாம். எவனாவது உள்ள கை வச்சிருந்தா எல்லாம் போயிரும் லா. நீங்க கம்ப்யூட்டர் வேல பாக்குறவங்க... ஒரு தடவ செக் பண்ணிக் கொடுங்க.”

சோதிக்கச் சொன்னவனே அவன்தான்! ஏமாற்றுகிறவன் அப்படிக் கேட்பானா?

மறுநாள் தனியாக உட்கார்ந்து சோதித்தேன். கருவி தொலைந்தால் பணத்தை மீட்க உதவும் சொற்களை எழுதிவைக்கும் அட்டை வெறுமையாக இருந்தது. யாரும் கடவு எண் வைத்திருக்கவில்லை. தயாரித்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து கருவியைச் செருகினேன். உள்ளிருக்கும் சிப் உண்மையானதா என்று செயலி ஆராய்ந்தது. ‘அசல்’ என்று திரையில் வந்தது.

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வந்ததோ ஏமாற்றம்... ஆம், ஏமாற்றம்! அப்படியானால் கல்யாணம் நடக்கும். சுமதி லூமுட்டுக்குப் போய்விடுவாள். இந்த வீட்டில் நான் யாருக்காகச் சமைப்பேன்?

சுத்தியலை எடுத்தேன். கருவி நொறுங்கச் சில அடிகளே போதுமாயிருந்தன.

மாலையில் சுமதியிடம், “போலிடி அது. உள்ள என்னமோ மாத்தியிருக்காங்க. யாரும் செருகிடக் கூடாதுன்னு ஒடச்சிட்டேன்,” என்றேன். பிறகு, மெதுவாக... “உறையப் பிரிச்சது அருள்தானே?”

அந்தக் கேள்வியைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

செய்தி கேட்டு அருள் ஓடிவந்தான். என்மீது அவனுக்குக் கோபமே இல்லை. “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். வித்தவன்தான் என்ன ஏமாத்திட்டான், சுமதி. நான் ஏன் அப்படிச் செய்யப் போறேன் லா?”

அவன் என்னை நம்பினான். அவளோ அவனை நம்பவில்லை!

கல்யாணம் வேண்டாம் என்று தன் பங்கைத் திருப்பித் தரச் சொன்னாள். அன்றே குறையாமல் அனுப்பிவிட்டான். திருட நினைத்தவன் அனுப்புவானா என்று அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்... வாய் திறக்கவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் முன், “அவளப் பாத்துக்குங்கக்கா,” என்றான் என்னிடம். தலையாட்டினேன். எத்தகைய மனுஷி நான்?

உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை அவள் எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறேன். “நீ மட்டும் இல்லன்னா நான் ஏமாந்துருப்பேன்கா,” என்பாள். அவ்வளவுதான், எழுந்துவிடுவேன்.

போன வாரம் அவள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். பக்கத்திலிருக்கும் சிம்பாங் பூலாயில் ஒரு வரன் இருக்கிறதாம். கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாளாம்.

“எனக்கு ஆளப் பாத்து எட போடத் தெரியலக்கா. நீயே சொல்லு.”

படத்தைப் பார்த்தேன். நல்ல முகம்.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.