மிர்ஃபா கடலில் ஒரு கவராலும் ஐந்து விளமீனும்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மீன் பிடிக்கப் போனதற்குக் காரணம் ஆசை இல்லை, மானப் பிரச்சினை. வளைகுடாவில், ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் ரூமில் ஆறு பேர். முந்தைய தடவை கடலில் ஒன்றும் சிக்காமல், மார்க்கெட்டில் வாங்கிய மீனை நான் பிடித்தது என்று சொல்லிவிட்டேன். கடைக்காரன் செதில் எடுத்துத் துண்டும் போட்டிருந்தான் என்பது பிறகுதான் உறைத்தது! அன்றிலிருந்து ரூமில் மூத்தவரான முருகேசண்ணன் என்னை நம்புவதே இல்லை. இந்தத் தடவை வீம்புக்கு, “இன்னிக்குக் கோழி வாங்காதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கூட வந்தது ஃபிட்டர் அலெக்ஸ், குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். காலை 4.40க்குக் கார் எடுத்தோம், மிர்ஃபாவுக்கு 92 கி.மீ., ஒரு மணி பத்து நிமிடம். படகு நான்கு மணி நேரத்துக்கு 500 திர்ஹம், கணவாய் இரை 20.

அரை மணி ஓட்டத்தில், ஒன்பது மீட்டர் ஆழத்தில் படகோட்டி ரஹீம் பாய் இன்ஜினை நிறுத்தினார். மீன் சிதறிக் கிடக்கும் இடம் என்பதால் நங்கூரம் போடாமல் மிதந்தபடியே பிடிக்க வேண்டும். ஆனால் காற்று படகை மணிக்கு மூன்று கி.மீ. வேகத்தில் தள்ளியது, போனில் பார்த்தேன். தூண்டிலின் ஈயக்குண்டு கடல் தரையில் நிற்கவே இல்லை. இரை மேலே பறந்தால் எந்த மீன் கடிக்கும்? இரண்டு மணி நேரம் வீண்.

“லேய் மக்கா, பின்னால எதையாவது கெட்டி இழுக்க விடணும், படகு வேகம் கொறையும். கார்ல கெடந்த ஒனக்க பழைய கவரால எடுத்தியாடே?” என்றான் அலெக்ஸ். சட்டையும் பேண்ட்டும் ஒன்றாய்த் தைத்த அந்த வேலை உடுப்பு பையில்தான் இருந்தது. அதன் இரண்டு கைகளிலும் கயிறு கட்டினோம். நான் கால்கள் இரண்டையும் முறுக்கி முடிச்சுப் போட்டேன். வால்வு ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஓட்டையைப் பார்த்தால் அடைக்கத்தானே தோன்றும்!

கடலில் விட்டதும் கவரால் தண்ணீர் குடித்து ஊதி, இப்படியும் அப்படியும் திமிறியது. படகும் கூடவே ஆடியது. ரஹீம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். “அரே பாய், பானி கோ ஜானே தோ!” தண்ணீரைப் போக விடு என்கிறார். முடிச்சுகளைத் தளர்த்தி, கால் நுனியில் இரண்டு விரல் நுழையும் அளவு வழி விட்டேன். ஆட்டம் நின்றது. வேகம் ஒரு கி.மீ.க்கு இறங்கியது. குண்டு தரையைத் தடவிக்கொண்டே வந்தது. பத்தாவது நிமிடம் முதல் விளமீன்! கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. மொத்தம் ஐந்து. கூடவே சிக்கிய ஒரு களவா மீன் அளவு குறைவு என்று பாய் திரும்பக் கடலில் விடச் சொன்னார். மனசே இல்லாமல் விட்டேன்.

போகிறவர்களுக்கு: மீன் பிடிக்கும் அனுமதி படகு வாடகையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். அளவு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வேகம் குறைக்கக் கவராலோ வாளியோ எதுவானாலும், அடியில் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். இன்ஜினைப் போடுமுன் அதை மேலே இழுத்துவிடுங்கள்.

ரூமுக்கு வந்தபோது மணி ஒன்று. முருகேசண்ணன் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “முழுசா வாங்கியாரக் கத்துக்கிட்டியாடா?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரே கத்தி எடுத்து வெட்ட உட்கார்ந்தார். மூன்றாவது மீனில் கத்தி எதிலோ டிக்கென்று இடித்தது. தொண்டைக்குள் விரல் விட்டு இழுத்தார். மீன் விழுங்கியிருந்த என் தூண்டில் முள், அறுந்த அரை சாண் நைலான் நரம்போடு.

அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: “எல்லாரும் தட்டோட வாங்கடா! நம்ம பய பிடிச்ச மீனுடா!”