வரவேற்பில் என் குரல்

அம்பத்தூரில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு இன்டர்நெட் போன் இணைத்தபோது, வரவேற்புக் குரலை நானே பேசிப் பதிவு செய்தேன். "வணக்கம், சொல்லுங்க. சேல்ஸுக்கு ஒண்ணை அழுத்துங்க..." எண் எதையும் அழுத்தாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்படி அமைத்ததும் நான்தான்.

ஒரு மதியம் பருத்திப்பட்டு வீட்டில் அப்பா மயங்கி விழுந்தார். என் செல்போன் சைலண்டில் இருந்ததால் அம்மா ஆபீஸ் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸுக்கே வந்து சொல்லி நான் ஓடுவதற்குள் அப்பா போய்விட்டார்.

"நீதானேடி பேசுன? அப்பா வுழுந்துட்டார்னு கத்துனேனே! மூணு வாட்டியும் கட் பண்ட்டியே!" என்று அம்மா கதறினார்.

இப்போது எதையும் அழுத்தாவிட்டாலும் அழைப்பு என் மேசைக்கே வரும். என் குரலையும் அழித்துவிட்டேன்.

அது மிஷினில் பதிந்த குரல் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?" என்கிறார்.