கல்வாரி மலையில் கழற்றி வைத்த சப்பாத்து

காலை 5.35. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழிருந்து காரை எடுத்தேன். பின்பெட்டியில் நான்கு லீட்டர் தண்ணீர்க் கான் இரண்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் ஒரு போத்தல், பழைய துவாய்கள், முள் பிடுங்கும் கூர்முனைச் சாமணம் ஒன்று. இதையெல்லாம் பார்க்கிறவர்கள் நான் எங்கோ பிரசவம் பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஐந்து கோடைகளாகக் காட்டுப் பாதைகளில் ஓடுகிறேன். இந்தப் பக்கத்துக் காடுகளில் ஆளைப் படுத்துவது கரடி அல்ல, ஒரு செடியும் ஒரு பூச்சியும்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

செடியின் பெயர் பொய்சன் ஐவி. வில்வம் போல மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம், இளசாக இருக்கும்போது சிவப்பு மினுக்கம். வில்வம் போல இருந்தாலும் சிவனுக்கும் ஆகாது. அதன் பால் எண்ணெய்ப் பசையாகத் தோலில் ஒட்டி, அடுத்த நாள் கொப்புளமாக எழும்பும். முதல் கோடையில் இது தெரியாமல் அதற்குள் உட்கார்ந்து இளைப்பாறினேன். வீட்டுக்கு வந்து கால் உளைவுக்குத் தேங்காயெண்ணெய் வேறு தேய்த்தேன். எண்ணெயோடு எண்ணெய் கலந்து தொடை முழுக்கப் பரவி, மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பூச்சி என்பது உண்ணி. எள்ளளவுதான் இருக்கும், ஆனால் கடித்தால் மூட்டையும் நரம்பையும் பிடிக்கிற லைம் நோயைக் கொடுத்துவிடும்.

6.05. ரொக்ஸ்பரோ. ரெஜினா தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். மன்னார்ப் பெண், முப்பத்தாறு வயது. நான் சமையலறையில் வேலை செய்கிற அதே மருத்துவமனையில் அவள் நோயாளர் உதவியாளர். சனிக்கிழமைகளில் என்னோடு ஓட வருகிறவள். அன்றைய பயணம் அவளுக்காகத்தான். அவளுடைய தங்கைக்கு நாள் நிறையாமல், இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்த ஆண்பிள்ளை பல கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஓக்காவில் இருக்கும் கல்வாரி மலைக்கு ஓடியே ஏறுவதாக அவள் நேர்ந்திருந்தாள். பிள்ளை வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு ஒரு மணிக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் ரெஜினா.

"அக்கா, நாளைக்குப் பிள்ளையை நான்தான் தூக்கிப் பிடிக்க வேணும். என்னை ஒரு சேதமும் இல்லாமல் கொண்டுவந்து விடுங்கோ."

"என்னோட வந்து ஆரும் சேதப்பட்டதில்லை," என்றேன். அந்த நேரத்தில் அதை முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

6.55. ரொக்ஸ்பரோவிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் காரில் ஓடி, நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் ஓக்கா பூங்கா. நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பத்து டொலர் அளவில். வாசலில் இருந்த பெண் "பொன்ஜூர்" சொல்லி, பாதையை விட்டு இறங்க வேண்டாம், உண்ணி இருக்கிறது என்று பிரெஞ்சில் எச்சரித்தாள். "மெர்சி" என்று சொல்லிவிட்டு, ரெஜினாவுக்கு என் பாடத்தைத் தொடங்கினேன். நீளக் காற்சட்டை, அதன்மேல் முழங்கால் வரை மேஸ், அதுதான் காலுறை. பாதையின் நடுவில்தான் ஓட வேண்டும். மூன்றிலையைத் தொட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும். வடிவாகக் கழுவிவிட்டால் பிறகு கொப்புளம் வந்தாலும் அது அடுத்தவருக்குத் தொற்றாது. எண்ணெய் மட்டும் கிட்டவும் வரக்கூடாது.

"ஓம் அக்கா. ஓம் அக்கா," என்றாள், ஆசுப்பத்திரியில் வயோதிபர்களுக்குச் சொல்கிற மாதிரி.

7.15. ஓடத் தொடங்கினோம். போய்வர ஐந்தரைக் கிலோமீட்டர் அளவில். வழியில் நான்கு சிறு கல் மண்டபங்கள், உச்சியில் மூன்று கல் ஆலயங்கள், பிரெஞ்சுக் குருமார் கட்டிய பழைய சிலுவைப்பாதை. மேப்பிள் மரங்களுக்கிடையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பாதையின் இரு கரையிலும் மூன்றிலை முழங்கால் உயரத்துக்குச் செழித்து நின்றது. ரெஜினா ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டு என்னைப் பிடிக்க ஓடிவருவாள். நான் நிற்கவில்லை. என் மணிக்கட்டுக் கடிகாரம் அன்று நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தது.

7.45. உச்சி. கீழே, 'இரண்டு மலை' என்று பெயர் கொண்ட ஏரி விரிந்து கிடந்தது. இந்த ஏற்றத்தில் இதுவரை ஓடியதில் இதுதான் என் கெதியான நேரம். அதை இரசித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது ரெஜினா நடு ஆலயத்தின் கற்படியில் முழந்தாளிட்டிருந்தாள். வெறும் காலோடு.

எல்லாம் சொல்லிக் கொடுத்த நான் இதை நினைக்கவேயில்லை. சப்பாத்தோடு கோயில் படி ஏறுகிற ஆட்களா நாங்கள்? ஆலயம் பூட்டிக் கிடந்தாலும் அவளுக்கு அது கோயில்தான். மற்றவர்களின் காலில் தட்டுப்படக் கூடாது என்று சப்பாத்தையும் மேஸையும் ஒழுங்காகச் சேர்த்துப் பாதையின் ஓரத்தில் வைத்திருந்தாள், சரியாக மூன்றிலைப் பத்தைக்குள்.

செபம் முடித்து எழும்பி, நான் வாய் திறப்பதற்குள் குனிந்து அவற்றைத் தூக்கிவிட்டாள்.

"போடும் கீழ. ஒண்டையும் தொடாதையும், முகத்தையும் தொடாதையும்."

அவள் சப்பாத்தைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், பிறகு தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்குப் பிள்ளை. ரெண்டு கிலோ சொச்சம்தான் இருக்குது. இந்தக் கையால என்னெண்டு தொடுறது?"

என் முதுகுப்பையில் அரை லீட்டர்த் தண்ணீரும் ஒரு சின்னக் குப்பியில் சவர்க்காரமும் இருந்தன. அவளைக் கற்படியில் இருத்தி, விரலிடுக்கு, நகக்கண், பாதம் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் அதோடு முடிந்தது. மேஸைப் பையில் போட்டுக் கட்டினேன். சப்பாத்து இல்லாமல் இரண்டே முக்கால் கிலோமீட்டர் உண்ணிக் காட்டில் இறங்க முடியாது. கழுவிய கையால் அவள் அதைத் தொடவும் கூடாது. சாப்பிடக் கொண்டுவந்த பாண் சுற்றியிருந்த பொலித்தீன் பையை இரண்டாகக் கிழித்து அவள் பாதங்களில் சுற்றி, சப்பாத்துக்குள் காலை நுழைக்கச் சொல்லி, சப்பாத்து நூலை நானே கட்டிவிட்டேன்.

"உங்கட கை, அக்கா?"

"என்ர கை பழகின கை. எழும்பும், கெதியா."

8.30. கார் நிறுத்துமிடம். இரண்டு கான் தண்ணீரும் அங்கேதான் முடிந்தது. அவள் கையை இன்னும் இரண்டு தரம் கழுவினேன், என் கையையும் கழுவினேன். பிறகு துவாயை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் உண்ணி பார்த்தோம். அவளுடைய முழங்காலின் பின்மடிப்பில் ஒன்று வாயைக் குத்திக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் எண்ணெய் விட்டால் தானா விழும் அக்கா. ஊரில நாய்க்கு அப்பிடித்தான் செய்யிறது."

"நீர் நாயில்லை. ஆடாமல் நில்லும்."

சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். முழுதாக வந்தது. குப்பியில் போட்டு மூடி, ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் சிவப்பு வட்டமோ உடம்பில் காய்ச்சலோ வந்தால் தாமதிக்காமல் டொக்டரிடம் போகச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடி இருந்தாள். நான் பகிடி விட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பகல் 1.00. கோயிலில் பின்வரிசையில் நின்றேன். ரெஜினா நீலப் பட்டுச்சேலையில் பிள்ளையைத் தொட்டியின்மேல் ஏந்தியிருந்தாள். கைகளில் ஒரு புள்ளி இல்லை. தண்ணீர் தலையில் விழுந்ததும் அந்தச் சின்ன உருவத்திலிருந்து அவ்வளவு பெரிய அழுகை வந்தது. எனக்குக் கண் கலங்கியது. நான் அழுகிற ஆள் இல்லை, ஆனாலும் கலங்கியது.

எல்லாரும் படம் எடுத்து முடிய, ரெஜினா நேரே என்னிடம் வந்தாள். "பிடியுங்கோ அக்கா. சீலையை ஒருக்கால் சரியாக்க வேணும்."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேண்டாம் ரெஜினா. தங்கச்சியிட்டக் குடும்."

அவள் பிள்ளையை ஒரு தோளில் சாய்த்து, மற்றக் கையால் என் இடது கையை முன்னுக்கு இழுத்துச் சட்டைக் கையை மேலே தள்ளினாள். கடிகாரப் பட்டி இருந்த இடத்தில் காப்புப் போட்ட மாதிரிச் சுற்றிவரக் கொப்புளம். நூல் கட்டும்போது பட்ட பசை பட்டிக்கடியில் போயிருக்க வேண்டும். கை கழுவும்போது கடிகாரத்தைக் கழற்றினால் ஓட்டக் கணக்கு நின்றுவிடும் என்று கழற்றாமலே கழுவினேன். ஐந்து கோடை அனுபவம் அவ்வளவுதான்.

ரெஜினா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். அது யாருடைய சப்பாத்து நூலைக் கட்டிய கை என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பேந்து கடிகாரத்தைக் கழட்டிக் கழுவினனீங்களோ?"

"நேற்றுப் பின்னேரம். கடிகாரத்தையும் சேர்த்து."

"கழுவினாப் பேந்து தொற்றாது எண்டு நேற்று ஆர் சொன்னது?"

சொல்லிக்கொண்டே பிள்ளையை என் மார்போடு சேர்த்து வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்யத் தொடங்கினாள். நான் தூக்கிக்கொண்டு போன தண்ணீர்க் கான்களைவிடப் பாரம் குறைவு. அழுது களைத்து, அரைக் கண்ணால் என்னைப் பார்த்தது. மணிக்கட்டு அரித்து உயிர் போனது. சொறியக் கை இல்லை. இரண்டு கையும் பிள்ளையோடு இருந்தன.