ஏழாம் வாளியின் காரம்

அவளுக்குக் காரம் ஆகாது. மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டையைத் தின்றாலே விக்கல் பிடித்துக்கொண்டு அரை நாள் விடாது. அப்படிப்பட்டவள் உலகத்தின் எந்தெந்த மூலையிலோ விளையும் கொடுங்கார மிளகாய்களைத் தேடிப்பிடித்து, மொட்டை மாடியில் நாற்பது பெயிண்ட் வாளிகளில் வளர்த்தாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். தின்னத் தெரியாதவள் வளர்க்கிறாள் என்று பேசியவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு வேளை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை.

பிழைப்பு அவளுக்குக் கண்ணாடிக் கடையில். பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது வேலை. கண் பரிசோதிப்பவர் வராத நாளில் அந்த வேலையும் அவள் தலையில்தான் விழும். முதலில் போட்டது தெளிவா, இப்போது போட்டது தெளிவா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் அவசரத்தில், எதைப் போட்டாலும் தெளிவு என்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எடுத்த லென்ஸையே திரும்பப் போட்டுவிட்டு, இப்போது எப்படி என்று கேட்பாள். முன்னதைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஆள் மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சொன்ன பொய்யை இப்படிப் பிடித்தவள், தன் வீட்டில் கோட்டை விட்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை முடித்து இறங்கும்போது ஏணி வழுக்கி, பின்மண்டை தரையில் மோத விழுந்தார். கை கால் பிழைத்தது, பேச்சு பிழைத்தது, நினைவு பிழைத்தது. மூக்கு மட்டும் போயிற்று. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டது, இனி ஒட்டாது என்றார் டாக்டர். மூக்கு போனால் நாக்கும் முக்கால்வாசி போனதுதான் என்பது அதற்கப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. உப்பு தெரியும், இனிப்பு தெரியும், புளிப்பும் கசப்பும் தெரியும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மீனும் ஒன்றுதான், ஊறிய காகிதமும் ஒன்றுதான். மனிதர் சாப்பாட்டை மாத்திரை மாதிரி விழுங்கிவிட்டு ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார். அவர் எதிரே உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவது பாவம் என்று அவளுக்குப் பட்டது. சமையலறையில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் மதியம் கடைக்குப் போன் வந்தது. அவருடைய பணிமனையில் யாரோ வெளியூரிலிருந்து கொண்டுவந்த மிளகாயை ஆளாளுக்குப் பந்தயம் கட்டித் தின்றிருக்கிறார்கள். இவரும் ஒரு துண்டு கடித்திருக்கிறார். வாய் எரிகிறது, காதுவரைக்கும் எரிகிறது என்று சொல்லும்போதே அவர் குரல் கரகரத்தது. “எனக்குத் தெரியுது,” என்றார். அவள் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். காரம் என்பது ருசியே இல்லை, அது ஒரு வகை வலி, அது போகிற நரம்பு வேறு என்று பின்னால் டாக்டர் விளக்கினார். வேறாக இருந்தால் என்ன? அவரை எட்டுகிற ஒன்று இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிறது. அவளுக்கு அது போதும்.

அந்த மிளகாயின் விதையில்தான் தோட்டம் தொடங்கியது. விதை பரிமாறிக்கொள்கிறவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்தாள். சின்னச் சின்ன உறைகளில் தபாலில் விதைகள் வந்தன. முளைப்பதற்கே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் பிடிவாதக்கார விதைகளை ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூட்டில் வைத்தாள். மகரந்தம் கலந்துவிடாமல் இருக்கப் பூக்களுக்குச் சன்னத் துணியில் பை தைத்துக் கட்டினாள். காரம் குடியிருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் என்று தெரிந்துகொண்டாள். கையுறை போடாமல் நறுக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொண்டாள்; அதற்கு மூன்று நாள் லீவு போட வேண்டியிருந்தது. கீழ் வீட்டில் இருந்த நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? “மத்தவங்க புருஷனுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடுவாங்க. எங்க அண்ணி வாயில நெருப்ப வைக்கிறாங்க, எங்க அண்ணன் இன்னும் கொஞ்சம் வைன்னு கேக்குறாரு,” என்பாள்.

மூன்றாம் வருஷம் இரண்டு ஜாதிகள் எப்படியோ பைக்குத் தப்பிக் கலந்து, ஏழாம் வாளியில் ஒரு செடி வந்தது. சுருங்கிய காய், பழுத்தால் நாவல்பழ நிறம். அதன் முதல் பழத்தைத் தின்றுவிட்டு அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். விழுந்ததற்கப்புறம் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. இந்த ரகத்தை நிலைநிறுத்தியே தீருவது என்று இறங்கிவிட்டாள். கலப்பில் பிறந்தது லேசில் நிலைக்காது. இருபது விதை போட்டால் இருபதும் இருபது குணம் காட்டும். ஒவ்வொரு வருஷமும் இருபது செடி வைத்து, அவர் நாக்கு தேர்ந்தெடுக்கிற மூன்றை விதைக்கு வைத்துக்கொண்டு, பதினேழைப் பிடுங்கிப் போடுவாள். ஆறு வருஷம் இப்படி ஓடியது.

ருசி பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பட்டாணி அளவில் ஒரு துண்டு, பிறகு ஒரு வாய் பால், ஒரு விள்ளல் ரொட்டி, கால் மணி நேர ஓய்வு, அப்புறம் அடுத்த துண்டு. அவள் எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்து, செடியின் எண்ணைச் சொல்லிவிட்டு, கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பாள். எத்தனை வினாடியில் ஏறுகிறது, நுனி நாக்கிலா தொண்டையிலா, எப்போது இறங்குகிறது, பத்துக்கு எத்தனை. அவர் இருமுவார், கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார், எட்டு என்பார், எட்டரை என்பார். தின்பது அவர், வயிறு நிறைவது அவளுக்கு.

இந்த வருஷம் இருபது செடியும் ஒன்றுபோலக் காய்த்தன. ரகம் நிலைத்துவிட்டது. சங்கத்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் வாங்கினாள். தன் பெயர் அதில் வருவது அவளுக்குப் பெரிதில்லை. ‘ருசித்து மதிப்பிட்டவர்’ என்று ஓர் இடம் இருந்தது. அங்கே அவர் பெயர் வரும். செத்த நாக்கு என்று அவரே சலித்துக்கொண்ட நாக்கு அது. விண்ணப்பத்தோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஏழு தட்டுகளில், எது எந்தச் செடி என்று சொல்லாமல் வைக்க வேண்டும். அதில் ஒன்றில் காரமே இல்லாத மிளகாய் இருக்க வேண்டும். பார்வைக்கு அச்சு அசல் கொடுங்காரம்தான், தின்றால் வெள்ளரிக்காய். அதன் விதையையும் சங்கமே முன்கூட்டி அனுப்பியிருந்தது. ருசி பார்ப்பவரிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது. அவளும் விடவில்லை, அந்தச் செடியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து வளர்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தட்டில் அது வந்தது. அவர் வாயில் போட்டு மென்றார். இது என்ன வெறும் காயைக் கொடுக்கிறாய் என்று கேட்பார், ஏமாற்றினேன் பார்த்தீர்களா என்று சிரிக்கலாம் என அவள் காத்திருந்தாள். பன்னிரண்டாவது வினாடியில் அவர் கண்ணை இறுக்கி மூடினார். இருமினார். கைக்குட்டையை எடுத்து நெற்றியில் ஒற்றினார்.

“தொண்டையப் பிடிக்குது. எட்டரை போட்டுக்க.”

அவள் கை தன்பாட்டுக்கு எட்டரை என்று எழுதியது. தட்டு மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சமையலறைக்குப் போய், தட்டின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அறுத்து மீதி வைத்திருந்த பழத்தை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளைச் சதையோடு கடித்து மென்றாள். லேசான தித்திப்பு, தண்ணீர், அவ்வளவுதான். விக்கல்கூட வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அவள் கடையில் செய்வதைச் செய்தாள். அதே பழத்தில் இன்னொரு துண்டு நறுக்கி, நான்காவது தட்டு என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தின்றார், கொஞ்சம் பொறுத்து மூச்சை இழுத்து விட்டார். இது முன்னதைவிடக் கம்மிதான், ஏழு போடலாம் என்றார்.

அவள் நோட்டை மூடினாள். “ரெண்டும் ஒரே பழங்க. அதுல காரமே கிடையாது.”

அவர் மறுக்கவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார். அது உலர்ந்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். மூன்று வருஷம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது, ஒரு நாள் சுத்தமாக இல்லை என்றார். தின்று தின்று வாய் மரத்துப்போனதா, பழைய அடியின் மிச்சமா, யாருக்குத் தெரியும்?

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். பரிவெல்லாம் பின்னால்தான் வந்தது. மூன்று வருஷத்தில் ஐம்பத்தொரு செடியை அவர் வாயை நம்பிப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். எதை வைத்து மார்க் போட்டீர்கள், வாய்க்கு வந்ததைச் சொன்னீர்களா என்று கேட்டாள்.

“நம்பர் சொல்லும்போது உன் குரல் மாறும்,” என்றார். “உனக்குப் பிடிச்ச செடின்னா கொஞ்சம் மெதுவாச் சொல்லுவ. அதுக்கு ஒம்பது போட்டேன்.”

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இன்னொன்று உறைத்தது. திங்கட்கிழமை தவறாமல் அவருக்கு வயிற்றுவலி வரும்; கேன்டீன் சாப்பாட்டைக் குறை சொல்வார். அவளும் சேர்ந்து கேன்டீன்காரனைத் திட்டியிருக்கிறாள்.

“அப்ப வயிறு?”

“வயித்துக்கு எல்லாம் தெரிஞ்சுது. எந்தத் தட்டுன்னு பிரிச்சுச் சொல்லத்தான் அதுக்குத் தெரியல.” சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“விழுந்ததுலேர்ந்து நீ என்கூட உக்காந்து சாப்பிடறதே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்ப. அதையும் விட எனக்கு மனசு வரல.”

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அடுப்பருகே நின்று தின்றாள். அந்த நல்லெண்ணம் ஒன்பது வருஷமாக ஒரு மனிதரைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வைத்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு காரமில்லாத மிளகாய் வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

எழுந்து போய் ஏழாம் வாளிப் பழம் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெள்ளைச் சதையோடு சேர்த்துத் துண்டு போட்டாள். நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள். உனக்கு ஆகாது, விளையாடாதே என்று அவர் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

பத்து வினாடி ஒன்றும் இல்லை. அப்புறம் வந்தது பாருங்கள். தொண்டை, காது, உச்சந்தலை எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. விக்கல் வந்தது. மூக்கு ஒழுகியது, கண்ணீர் கொட்டியது; மிளகாய் தின்றால் கண்ணீர் வரும், அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம். அவர் பாலை நீட்டினார். அவள் குடிக்கிறவரை அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கே எரிகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எத்தனை என்றார். அவள் பத்து விரலையும் காட்டினாள்.

“உன் நாக்குக்கு மிளகுத்தூளே பத்து. உன் மார்க் செல்லாது,” என்றார். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எரியறதுக்கு முன்னால வாசன ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார்.

அந்த வீட்டில் ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லை யாரும் எடுத்ததில்லை. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளிடமும் அதை எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். இப்போது அவரே கேட்கிறார். அவள் யோசித்தாள். இருந்தது, நெருப்பு பிடிப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று வினாடி இருந்தது. அது எதைப்போல என்று சொல்வதற்கு, அவர் விழுவதற்கு முன்னால் அறிந்த ஒன்றாகத் தேட வேண்டியிருந்தது.

“நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ குளிப்பாட்டித் துண்டுல சுத்தித் தூக்குவோமே,” என்றாள், விக்கலுக்கு நடுவே. “அப்ப அவ கழுத்துல ஒரு வாசன வரும்ல. பவுடரும் பாலும் சேந்தாப்புல. அந்த மாதிரி.”

பேனா நின்றது. அப்புறம் அவர் குனிந்து, துண்டு, கழுத்து, பவுடர், பால் என்று ஒன்று விடாமல் எழுதினார். “அது எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றார்.

விண்ணப்பத்தை அனுப்பப்போவதில்லை என்று அவள் சொன்னாள். காரம் எத்தனை என்று சொல்ல ஆளில்லாத ரகத்தை எந்தச் சங்கமும் பட்டியலில் போடாது. அவர் தலையாட்டிவிட்டு, மீதமிருந்த தட்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“காலையில காப்பி குடிச்சியே,” என்றார். “அது எப்படி இருந்துச்சு, சொல்லேன்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்க் காப்பித்தூள் டப்பாவை எடுத்துவந்தாள். எதிரே உட்கார்ந்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.